சேலை கட்டிவிடும் கை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் ஜுரு சுங்கச்சாவடியைத் தாண்டினால் தொழிற்சாலைகளும் கார் கடைகளும் ஒரு பக்கம், தாமான்கள் எனும் குடியிருப்புகள் இன்னொரு பக்கம். தோட்டங்களை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல செபராங் பிறையின் இப்படிப்பட்ட தாமான்களில்தான் குடியேறின. அங்குள்ள கடை வரிசைகளில் ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு மளிகைக் கடை, மாடியில் டியூஷன் சென்டர், பக்கத்திலேயே ஓர் அழகு நிலையம் இருக்கும். அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவில் திரெடிங், ஃபேஷியல், மருதாணி, மணப்பெண் அலங்காரம், சேலை கட்டிவிடப்படும் என்று வரிசையாக ஒட்டியிருப்பார்கள். கடைசியில் இன்னொரு வரி: பெண்களுக்கு மட்டும்.

அந்த வரிக்கு நியாயம் உண்டு. முகத்தில் பூச்சோடு, கூந்தலை அவிழ்த்துப் போட்டு, சேலையை மாற்றிக்கொண்டிருக்கும் பெண், கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ எவரோ என்று பதற வேண்டியதில்லை. துடோங் அணியும் மலாய்ப் பெண்கள் அந்த வரியை நம்பித்தான் உள்ளே வந்து தலையைத் திறக்கிறார்கள். ஆனால் அந்த வரி, தொந்தரவு செய்ய வரும் ஆண்களோடு சேர்த்து இன்னொருவரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. பணம் கொடுத்து, தலை குனிந்து, ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து புருவம் திருத்திக்கொள்ளவும், ஒருமுறையாவது சேலையை ஒழுங்காகக் கட்டிப் பார்க்கவும் ஆசைப்படும் ஆண் அவர்.

அவரைக் குறிக்கத் தமிழில் ஒரு நல்ல சொல் இன்னும் இல்லை. ஆங்கிலத்தில் கிராஸ்டிரெஸ்ஸர் என்கிறார்கள். இளைஞர்கள் தங்களுக்குள் சுருக்கி 'சி.டி.' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர் திருநங்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாகவே வாழ விரும்புபவர் திருநங்கை. பெண்ணுடை அணியும் ஆண்களில் பலர் தங்களை ஆணாகவே நினைக்கிறார்கள். அலுவலகத்துக்கோ ஆலைக்கோ சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். மனைவி பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். அவர்களுடைய காதல் யார் மீது என்பதற்கும் இந்த ஆசைக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை. சேலை, வளையல், மை, பொட்டு ஆகியவை ஏதோ ஒரு வகையில் அவர்களுக்கு நிம்மதி தருகின்றன. சிறுவயதில் அக்காவின் தாவணியை எடுத்துக் கட்டிப் பார்த்து, அம்மா வரும் சத்தம் கேட்டதும் அவசரமாகக் கழற்றி மடித்து வைத்த அந்த நினைவு முப்பது நாற்பது ஆண்டுகளாக உள்ளேயே இருக்கும்.

தமிழ்நாட்டில் திருநங்கை என்ற சொல் ஊன்றிய பிறகு பேச்சே மாறியது. 2008-இல் அங்கே திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அரசாணையிலும் நாளிதழிலும் அந்தச் சொல் வந்தபோது பழைய வசைச் சொற்கள் கொஞ்சமாவது பின்வாங்கின. பெண்ணுடை அணியும் ஆணுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. மலேசியாவில் அவருக்குக் கிடைப்பது 'பொண்டான்' என்ற மலாய் ஏசலும் 'ஒன்பது' என்ற தமிழ் ஏசலும்தான். மரியாதையோடு ஒட்டிவரும் ஒரே சொல் 'பெண் வேடம்'. அது மேடைக்கும் கோயிலுக்கும் உரியது.

மேடையிலும் கோயிலிலும் தமிழர்கள் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று பார்த்தால், ஜுருவின் கண்ணாடிக் கதவைப் பற்றி வேறு விதமாக யோசிக்க இடம் உண்டு.

பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பெண் பாத்திரங்களை ஏற்றவர்கள் பையன்கள்தான். அவர்களுக்கு 'ஸ்திரீபார்ட்' என்று தனிப்பெயரே இருந்தது. சிவாஜி கணேசன் நாடகத்தில் சேர்ந்த புதிதில் சீதையாக நடித்த சிறுவன். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே முன்னொட்டாகச் சூடிக்கொண்டு 'ஔவை சண்முகம்' ஆனார். எதிர்த்திசையிலும் இது நடந்தது: 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 1 லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசப்பட்ட செய்தி. இவர்களை யாரும் குறைவாக நினைக்கவில்லை.

பினாங்குக்கும் இது புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் படைப்பிரிவினரோடு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் போரியா இன்றும் இந்த மாநிலத்தின் அடையாளக் கலை. அதன் தொடக்க காலக் குழுக்களில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள். பெண் பாகத்துக்குப் பாவாடை கட்டி ஆடியவர்களும் அவர்களே. ஊர்வலமாக வந்த அந்தக் குழுக்களை ஜார்ஜ்டவுன் தெருக்கள் கைதட்டி வரவேற்றன.

கோயிலில் இது இன்னும் ஆழமானது. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா பத்து நாள் நடக்கும். விரதம் இருந்து காப்புக் கட்டிய பக்தர்கள் நேர்ந்துகொண்டபடி வேடம் போடுவார்கள். காளி, குறத்தி, ராஜா, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று எத்தனையோ வேடங்கள். அவற்றில் பெண் வேடம் போடும் ஆண்கள் ஏராளம். ஊர் ஊராகப் போய் வாங்கும் காணிக்கையைக் கோயிலில் செலுத்துவார்கள். பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம். சேலை கட்டி, சவுரி வைத்து, மை தீட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் ஆணை வீட்டுப் பெண்கள் பார்த்துச் சிரிப்பதில்லை. அரிசியோ காசோ தட்டில் போட்டு, சில நேரம் திருநீறும் வாங்கிக்கொள்கிறார்கள்.

கேரளத்தில் கொல்லம் மாவட்டத்துச் சவராவில் கொட்டன்குளங்கரை தேவி கோயில் இருக்கிறது. மீன மாதம் 10, 11 தேதிகளில் அங்கே சமயவிளக்கு. மலையாளத்தில் சமயம் என்றால் ஒப்பனை. ஆயிரக்கணக்கான ஆண்கள் பெண்ணாக அலங்கரித்துக்கொண்டு இரவெல்லாம் விளக்கேந்தி நிற்பார்கள். மாடு மேய்த்த சிறுவர்கள் பெண்பிள்ளைகள்போல் உடுத்திக்கொண்டு ஒரு கல்லை வணங்கியதில் தொடங்கியது என்பது அங்குள்ள ஐதீகம். கோயிலைச் சுற்றி ஒப்பனைக் கூடாரங்கள் முளைக்கும். தந்தை மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மனைவி கணவனின் முந்தானையைச் சரிசெய்கிறார். 2023-இல் அந்த விழாவில் சிறந்த ஒப்பனைக்குப் பரிசு பெற்றவரின் படம் இணையத்தில் பரவியபோது, அவர் ஆண் என்று நம்ப முடியாமல் இந்தியா முழுக்க வியந்து பார்த்தார்கள்.

இந்த எல்லா இடங்களிலும் வேடம் போடுபவரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அவருக்கு எதிரே இன்னொருவர் இருக்கிறார். அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைத்துப் பூசுபவர், கொசுவம் பிடித்துச் செருகுபவர், பொட்டு நடுவில் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பவர். அவர் முகம் சுளித்தால் வேடம் நடக்காது. கூத்துக் கொட்டகைக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த ஒப்பனைக்காரர் எதிரே இருப்பவரிடம் காரணம் கேட்பதில்லை. முகத்தைத் தூக்கச் சொல்கிறார், கண்ணை மூடச் சொல்கிறார், வேலையைத் தொடங்குகிறார். தசரா முடிந்து, கூத்து முடிந்து, வேடம் கலைந்த பிறகு வருகிற மற்ற 355 நாட்களுக்கு அப்படிப்பட்ட கை எங்கே இருக்கிறது என்று கேட்டால், அழகு நிலையத்தைத் தவிர வேறு இடம் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கதவு இவ்வளவு முக்கியம்.

அந்த நாற்காலியில் நடக்க வேண்டிய வேலையும் சாதாரண வேலைதான், ஆனால் தேர்ச்சி வேண்டும். நன்றாக மழித்த பிறகும் மாநிற முகத்தில் தாடியின் கருநீலச் சாயல் தெரியும். அதன் மேல் நேராக ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரைத் தாடைப் பகுதியில் மட்டும் தட்டித் தட்டி வைத்து, அதன் மேல் தோல் நிறத்தைப் பூசி, பவுடரால் பிடிக்க வைக்க வேண்டும். புருவத்தில் இன்னும் கவனம் தேவை. கீழ் விளிம்பில் சிதறி நிற்கும் முடியை மட்டும் நூலால் எடுத்து, மேல் விளிம்பைத் தொடாமல் விட்டால் முகம் மென்மையாகும். திங்கட்கிழமை ஆலையில் பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. வில்போல் வளைத்துவிட்டால் அவருக்கு வேலையிடத்தில் சிக்கல்தான். சேலையும் அப்படியே. இடுப்பில் வளைவு குறைவாக இருப்பதால் கொசுவம் நழுவும். உள்பாவாடை நாடாவைக் கொஞ்சம் இறுக்கி, கொசுவத்துக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பின் குத்த வேண்டும். அகன்ற தோளில் முந்தானையை ஒடுக்கமாக மடித்து வைத்தால் தோள் இன்னும் அகலமாகத் தெரியும். கொஞ்சம் விரித்து விட்டால் அடங்கும். இத்தனையும் தெரிந்த ஒருவர் செய்துவிட்டால், வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைத்தொலைபேசிக் காணொளியைப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போன ஒருவர் முதல்முறையாகக் கண்ணாடியில் தன்னை வெட்கமில்லாமல் பார்ப்பார்.

வாசலிலேயே "அண்ணே, இது பொம்பளைங்க கடை" என்று சொல்லி அனுப்புவது வெறும் மறுப்பாகத் தெரியலாம். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் அப்போது சேர்ந்து சிரித்தால், அவர் இனி எந்தக் கடைக்கும் போகமாட்டார். யாரிடமும் பேசவும் மாட்டார்.

அந்தச் சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பினாங்கு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஜுருவிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்தால் தீவில் முதலில் வருவது ஜெலுகோர். 2017 ஜூன் மாதம் அங்கே 18 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் கொடூரமாகத் தாக்கப்பட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். இசை படிக்கக் கோலாலம்பூருக்குப் புறப்பட இருந்தவர். பெண்தன்மை உள்ளவன் என்று பள்ளிக்காலத்திலிருந்தே அவரைச் சீண்டி வந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. நாடே கொதித்தது, நாடாளுமன்றத்திலும் பள்ளிகளிலும் பகடிவதை பற்றிப் பேசினார்கள். பெண்ணுடை அணிபவரா, திருநங்கையா, வெறுமனே மென்மையாக நடக்கிற பையனா என்று ஏசுகிறவர்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே ஏசல்தான், ஒரே அடிதான்.

'கடை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதிலும் தமிழர்களும் இந்தியர்களும் கடந்து வந்த பாதை ஒன்று உண்டு. 1948 நவம்பரில் டெல்லியில் அரசியலமைப்பு நிர்ணய சபை கூடியிருந்தது. கடைகளில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்று அது 15-ஆவது பிரிவு. சலவைக் கடையும் சவரக் கடையும் அந்தச் சொல்லில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அந்தச் சொல்லை மிக விரிந்த பொருளில் எடுத்துக்கொள்ளும்படி விளக்கினார்: பணியை நாடி வருபவருக்கு அதைச் செய்து கொடுக்கத் தயாராக இருக்கும் இடம் எதுவோ அது கடை, சவரக் கடையும் அதில் சேர்ந்ததே.

சவரக் கடை ஏன் அந்தச் சபையில் பேசப்பட்டது என்பது தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரை விட்டு ஒதுக்குவதற்கு ஊர் கையில் எடுக்கும் முதல் ஆயுதமே கத்திரியும் கத்தியும்தான். தருமபுரி மாவட்டம் அரூர் அருகே 2024-இல்கூடப் பட்டியல் சாதி இளைஞருக்கு முடிவெட்ட மறுத்ததாக முடிதிருத்தும் கடைக்காரர்கள் கைதானார்கள். அந்தக் கடைக்காரர்களும் சாதியால் தாழ்த்தப்பட்ட தொழிலைச் செய்பவர்கள்தான். மேலே இருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அவர்கள் கையைக் கட்டிப்போட்டிருக்கலாம். அழகு நிலையத்து அக்காவின் தயக்கத்திலும் அதே அச்சம் இருக்கிறது. அவருக்கு வெறுப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. மற்ற வாடிக்கையாளர்கள் வராமல் போய்விடுவார்களோ என்றுதான் நினைக்கிறார். மாதக் கடைசியில் வாடகைக்கு வெள்ளி சேர்க்க வேண்டிய ஒருவரை இந்தத் தயக்கத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல.

ஆனால் பினாங்கில் முடிதிருத்தும் தொழில் இன்னொரு பழக்கத்தையும் கற்றுத் தந்திருக்கிறது. இந்திய முடிதிருத்தும் கடையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் நினைத்துப் பார்க்க முடியாத அந்தக் காட்சி இங்கே அன்றாடம். ஜுருவின் அழகு நிலையமும் அதே தொழில் குடும்பத்தைச் சேர்ந்தது.

சட்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. மலேசியாவில் எல்லா மாநிலங்களிலும், ஆண் பெண்ணாகத் தோற்றம் காட்டுவதைத் தண்டிக்கும் ஷரியா சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அது முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும். நெகிரி செம்பிலானின் அத்தகைய 66-ஆவது பிரிவை எதிர்த்து மூன்று பேர் தொடுத்த வழக்கில், 2014 நவம்பர் 7 அன்று புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்களில் மணப்பெண் அலங்காரத் தொழிலில் இருந்தவர்களும் உண்டு. ஊர்ப் பெண்களைக் கல்யாணத்துக்கு அழகாக்கிய கைகள், தாங்கள் பெண்ணாக உடுத்தியதற்காகக் கைவிலங்கு ஏற்றன. அடுத்த ஆண்டு அக்டோபர் 8 அன்று கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுக்கப்பட்ட முறை சரியில்லை என்ற காரணத்தால் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் நியாயமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை.

முஸ்லிம் அல்லாதவர் சேலை கட்டுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் கிடையாது. இருந்தாலும், பொது இடத்தில் அநாகரிக நடத்தை என்று 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தின் கீழ் திருநங்கைகள் பிடிபட்டதுண்டு. மலேசிய அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில் பாலினம் என்ற சொல்லை 2001-இல் சேர்த்தார்கள்; ஆனால் அந்தச் சமத்துவம் அரசின் சட்டங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும்தான். தனியார் கடை ஒன்றின் கதவைத் திறக்கும் வலிமை அதற்கு இல்லை. பொதுச் சூழலும் இறுகித்தான் இருக்கிறது. 2016-இல் அமெரிக்க அரசின் துணிச்சல்மிக்க பெண்கள் விருதைப் பெற்ற திருநங்கை நிஷா அயூப்பின் படம், 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் கண்காட்சிச் சுவரிலிருந்து அமைச்சரின் உத்தரவால் இறக்கப்பட்டது. சுவரில் மாட்டிய படத்துக்கே இடமில்லாத இடத்தில் நாற்காலியில் உட்காரும் மனிதருக்கு இடம் கேட்பது பெரிய கோரிக்கைதான். ஆனாலும் படத்தை இறக்க அமைச்சர் வர வேண்டியிருந்தது. நாற்காலியைக் கொடுக்கக் கடைக்கார அக்கா ஒருவரின் சம்மதம் போதும்.

உலகின் மறுகோடியில் அப்படிச் சம்மதித்த ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. 1950-களில் நியூயார்க்கில் மாரி என்ற பெண்மணி விக் கடை வைத்திருந்தார். சகோதரிக்காக என்று சொல்லி ஓர் ஆண் விக் வாங்க வந்தபோது, அது உண்மையில் யாருக்கு என்பது மாரிக்குப் புரிந்துவிட்டது என்று சொல்வார்கள். பின்னர் இருவரும் கணவன் மனைவி ஆனார்கள். சுசானா என்று தன்னை அழைத்துக்கொண்ட அந்தக் கணவரும் மாரியும் நகரத்துக்கு வெளியே மலைப்பகுதியில் ஓர் இல்லம் நடத்தினார்கள். பெண்ணுடை அணியும் ஆண்கள் வார இறுதியில் அங்கே வந்து, சமைத்து, சீட்டாடி, படம் எடுத்துக்கொண்டு, ஞாயிறு மாலை கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பினார்கள். அவர்களில் சிலர் மனைவியையும் அழைத்து வந்தார்கள். அந்தப் புகைப்படங்கள் பல ஆண்டுகள் கழித்து ஒரு பழைய பொருள் சந்தையில் கிடைத்து 2005-இல் புத்தகமாயின. 2022-இல் 'காசா சுசானா' என்ற ஆவணப்படமும் வந்தது. படங்களில் இருப்பவர்கள் யாரும் கவர்ச்சியாக நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தைகள்போல் பாத்திரம் கழுவிக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

ஏராளமான தமிழர்கள் வாழும் டொராண்டோவில் 2017-இல் நடந்தது இன்னும் நெருக்கமானது. முடிதிருத்துநர் கிறிஸ்டின் ரங்கினிடம் முதல்முறையாக வந்த ஒரு திருநங்கை வாடிக்கையாளர், அந்த ஒரு மணி நேரம் தனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று பிறகு எழுதினார். அதைப் படித்த ரங்கின் தன் கடையோடு நிற்காமல், யார் வந்தாலும் மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதி சொல்லும் முடிதிருத்தும் கடைகளைச் சேர்த்து 'டிரெஸ்கோட் புராஜெக்ட்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்ற பட்டியலை எடுத்துவிட்டு, வேலைக்கு ஆகும் நேரத்துக்கும் முடியின் நீளத்துக்கும் விலை வைக்கச் சொல்கிறார்கள். வாசலில் நுழைந்தவுடன் 'நீ எந்தப் பட்டியல்' என்ற கேள்வியே எழாமல் போக இதைவிட எளிய வழி இல்லை.

ஜுருவிலும் செபராங் பிறையிலும் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 'பெண்களுக்கு மட்டும்' என்ற வரியைக் கிழிக்கவும் வேண்டாம். அதை நம்பி வரும் பெண்களின் நிம்மதி குறையவே கூடாது. பல கடைகளில் மணப்பெண் அலங்காரத்துக்கென்று உள்ளே ஒரு தனி அறை இருக்கிறது. கல்யாணம் இல்லாத வாரநாட்களில் அது பூட்டியே கிடக்கிறது. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி நேரம் வாங்கிக்கொண்டு வருபவருக்கு அந்த அறையைத் திறந்துவிடலாம். பெண்களைத் தொந்தரவு செய்ய நினைப்பவன் பெயர் சொல்லி, நேரம் வாங்கி, முன்பணம் கட்டி, ஒன்றரை மணி நேரம் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டான். அப்படி ஒருவன் வந்து எல்லை மீறினால் அவனை வெளியே அனுப்புவது வேறு எந்த வாடிக்கையாளரை அனுப்புவதற்கும் சமம். முஸ்லிம் ஒருவர் வந்தால் கதை வேறு. கடைக்காரர் அவரிடம் ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் இந்தக் கடையிலிருந்து உடையோடு வெளியே போவது அவருக்கே கேடாக முடியலாம்.

விலையில் வேறுபாடு கூடாது. மணப்பெண்ணுக்குச் சேலை கட்ட என்ன வாங்குகிறார்களோ அதையே வாங்கலாம். பயத்தோடு வருகிறவர் பேரம் பேசமாட்டார் என்பதற்காக இரண்டு மடங்கு கேட்பது திருட்டு. படம் எடுப்பதோ, டிக்டாக்கில் போடுவதோ, சக ஊழியரிடம் 'இன்னைக்கு யார் வந்தாங்க தெரியுமா' என்று தொடங்குவதோ கூடவே கூடாது. ஊர் முடிதிருத்துபவர் எத்தனை வீட்டு ரகசியங்களைக் கேட்டுக்கொண்டு வெளியே விடாமல் இருந்திருக்கிறார்! அந்தத் தொழில் தர்மம் இவருக்கும் பொருந்தும்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம். தமிழில் உறவுமுறை சொல்லாமல் இரண்டு வாக்கியம் பேசுவது கடினம். சேலையில் இருப்பவரை அண்ணே என்றால் குத்தும். அக்கா என்றால் கேலி என்று நினைத்துவிடுவாரோ என்று பயம். முதல்முறை வரும்போது "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒரே ஒருமுறை கேட்டால் தீர்ந்தது. ஒரு பெண் பெயர் சொன்னால் அந்தப் பெயர். அதுவரைக்கும் தமிழே கைகொடுக்கும். அவன், அவள் என்று ஏகவசனத்தில் பேசினால்தான் ஆண் பெண் பிரிந்து நிற்கிறது. வாங்க, உட்காருங்க, அவங்க என்று மரியாதையாகப் பேசத் தொடங்கினால் அந்தப் பிரிவே மறைந்துவிடுகிறது. ஆங்கிலம் பேசும் ஊர்களில் இதற்காகத் தனிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

ஒப்பனையின் நுட்பத்துக்குத்தான் இங்கே பயிற்சி வேண்டும். கியாட்மாரா போன்ற பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை படித்துவிட்டு வரும் பெண்கள் மணப்பெண் அலங்காரம், முக மசாஜ், சிகை என்று எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். ஆணின் தாடைக்கு ஆரஞ்சு கரெக்டர் எவ்வளவு தேவை, திங்கட்கிழமை தெரியாதபடி புருவத்தை எங்கே நிறுத்த வேண்டும், அகன்ற தோளில் முந்தானையை எப்படி விட வேண்டும் என்பதைக் கற்றுத்தர அரை நாள் போதும். கற்றுத்தர ஆட்களும் இருக்கிறார்கள். மலேசியாவின் பல ஊர்களில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்யும் 'மாக் அண்டாம்' தொழிலில் திருநங்கைகள் நெடுங்காலமாக இருந்துவருகிறார்கள். மழித்த முகத்தில் எது நிற்கும், எது வழியும் என்பது அவர்களுக்குத் தங்கள் முகத்திலேயே பழகிய பாடம். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஜுருவில் ஓர் அழகு நிலையத்தின் மணப்பெண் அறையைத் திறந்து, அப்படி ஒருவரைக் கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, சுற்றுவட்டாரக் கடைகளின் பெண்கள் நான்கைந்து பேர் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டால், அடுத்த வாரமே முதல் வாடிக்கையாளருக்கு நேரம் கொடுக்கலாம்.